வியூ பாயின்ட்டில் விளைவது என்ன?

லஸ் முனைக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்குக் கூடுகிற எங்கள் கோஷ்டியில் ஒரு நண்பர். தி.நகரில் ஜவுளி வியாபாரம். போன மாதம் இரண்டு காகிதங்களைக் கொண்டுவந்து என் டபராவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“சார், சினிமா, புஸ்தகம், சபா கச்சேரின்னு எல்லாத்தையும் விமர்சனம் பண்றீங்க. இதையும் பண்ணுங்க. டூர் பிளான். பொண்ணு ஆசைப்படறா.”

அவருடைய மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். செல்போனில் எங்கேயோ படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக மலையில் இறங்கும் நெல்வயல் படத்தைப் பார்த்திருக்கிறாள். “அப்பா, இங்கே போகணும்” என்று பிடிவாதம். அந்த ஊர் பிலிப்பைன்ஸில் இருக்கிற பனாவே. அது பிளான் ஏ. செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு அம்மா போட்டது பிளான் பி. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை.

சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து படித்தபோது தோன்றியது: இன்றைக்குத் தமிழில் அதிகம் பேர் படிக்கிற, எழுதுகிற இலக்கிய வடிவம் இந்த ‘இரண்டு இரவு, மூன்று பகல்’தான். நாவலுக்கு விமர்சகர் இருக்கிறார். ஹைக்கூவுக்குக்கூட இருக்கிறார். லட்சக்கணக்கான குடும்பங்கள் நம்பிப் பணத்தைப் போடுகிற இந்தப் பிரதிக்கு ஒருவரும் இல்லை. ஆகவே, நான்.

முதலில் பிளான் ஏ. மொத்தம் ஐந்து நாள். 2025 ஜூனில் இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம் என்று பிலிப்பைன்ஸ் அறிவித்தது, நண்பருக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூரில் விமானம் மாறி மணிலா. அங்கிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர், ராத்திரி முழுக்க ஒன்பது பத்து மணி நேர பஸ். விடிந்தால் பனாவே. ‘வியூ பாயின்ட், போட்டோ, ஷாப்பிங்.’ அன்று ராத்திரி அங்கே தூக்கம். மறுநாள் ‘வேறு வியூ பாயின்ட்கள்’. ராத்திரி திரும்ப பஸ்.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டு பத்தி பிரித்துவிடுவேன். அப்படிப் பிரித்தால் இரண்டு ராத்திரி பஸ், போக வர விமானம், விமான நிலையத்தில் காத்திருப்பு என்று இரண்டரை நாள் பற்று. வயலுக்கு முன்னால் நிற்பது, தாராளமாகப் போட்டாலும் பத்து மணி நேரம். போகக்கூடாது என்று சொல்ல மாட்டேன். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் பிளான் எழுதியவர் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு.

இஃபுகாவோ மக்களின் அந்த மலை வயல்களை யுனெஸ்கோ 1995-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஐந்து தொகுதிகள். படாட், பங்கான், மயோயாவ், ஹுங்துவான், நகாகடான். பனாவே ஊரின் வியூ பாயின்ட்டிலிருந்து தெரிகிற வயல்கள் இந்த ஐந்தில் கிடையாது! 2010-ல் வந்த 20 பெசோ நோட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருப்பது பனாவே. டூரிஸ்ட் படம் எடுத்துக்கொள்வதும் அங்கேதான். பட்டியலில் இருக்கிற படாட்டுக்குப் போகவேண்டுமானால் வண்டியை விட்டு இறங்கி நடக்கவேண்டும். நண்பரின் பிளானில் படாட் இல்லை. நடப்பதற்கு நேரம் இல்லை.

இன்னொன்று. 2001-ல் யுனெஸ்கோ அந்த வயல்களை ‘ஆபத்தில் இருக்கும்’ பட்டியலுக்கு மாற்றியது. பூகம்பமோ யுத்தமோ காரணமில்லை. வாய்க்கால் தூர்ந்தது, கரை இடிந்தது, இளைஞர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். வயலில் வேலை செய்ய ஆள் இல்லை. 2012-ல்தான் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். உலகம் முழுக்க வந்து படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே வயல் இடிந்துகொண்டிருந்தது. லாட்ஜுக்கும் வேனுக்கும் வந்த காசு, கரையை மண்வெட்டியால் அணைக்கிறவர் வரைக்கும் ஏறிவரவில்லை. படியல்லவா? கீழேயிருந்து மேலே தண்ணீரும் ஏறாது, காசும் ஏறாது போலிருக்கிறது.

வயலின் வயசில்கூட ஒரு கதை இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துப் பழசு என்று எல்லா கையேட்டிலும் போட்டிருப்பார்கள். சமீப காலத் தொல்லியல் ஆய்வுகள், அங்கே நெல் வந்தது சுமார் நானூறு வருஷத்துக்கு முன்புதான் என்கின்றன. ஸ்பானியர்கள் சமவெளியைப் பிடித்தபோது மலைக்கு ஏறிய மக்கள் பெரிய அளவில் நெல்வயல் வெட்டினார்கள், அதற்கு முன்னால் அங்கே விளைந்தது சேப்பங்கிழங்கு என்கிறார்கள். சேப்பங்கிழங்கு! நம் வீட்டு ரோஸ்ட். இரண்டாயிரம் வருஷம் என்கிற மொட்டை எண்ணைவிட, அந்நியனுக்குப் பணியாமல் மலையேறி வயல் வெட்டின கதையை ப்ளஸ் ஒன் பெண்ணிடம் சொன்னால் அவள் மறக்க மாட்டாள். பிளானில் இருப்பது எண்தான்.

சரி, பிளான் பி. சத்தியமாகச் சொல்கிறேன், இந்தக் காகிதத்தை நான் நல்லெண்ணத்தோடுதான் படித்தேன்.

“ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்கணும் சார். இதுக்கு அதெல்லாம் வேணாம்” என்று நண்பர் சொல்லியிருந்தார். 2024 மே மாதம் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி அந்த இரண்டு ஊருக்கும் இ-பாஸ் வந்ததிலிருந்து இப்படி ‘வேறு மலை’ தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அந்த மலைகளில் தாங்காத கூட்டம் இந்த மலைக்கு மட்டும் தாங்குமா என்று நண்பரைக் கேட்கவில்லை. காபி ஆறிவிடும்.

பிளான் இதுதான்: மே மாதம், வெள்ளி ராத்திரி சென்னையிலிருந்து வேன். சனி காலை பத்துக்கு மலை. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு இறக்கம். நடுவில் ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், மாசிலா அருவி, நம்ம அருவி, சீக்குப்பாறை காட்சிமுனை, சேலூர் காட்சிமுனை, எட்டுக்கை அம்மன், வாசலூர்பட்டி படகு இல்லம், தாவரவியல் பூங்கா, சோளக்காடு சந்தை, கடைசியாக ‘படிக்கட்டு வயல் (வழியில்)’. மொத்தம் பதினொன்று.

கணக்குப் போடுவோம். சனி காலை பத்திலிருந்து ஞாயிறு மதியம் இரண்டு வரை 28 மணி நேரம். தூக்கம் எட்டு. சாப்பாடு, குளியல் ஐந்து. மிச்சம் பதினைந்து. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கி, குளித்து, மறுபடி ஏறவேண்டும். நாற்பதைத் தாண்டிய முழங்கால்களுக்கு நாலு மணி நேரம் வையுங்கள். மிச்சம் பதினொரு மணி நேரத்தைப் பத்து இடத்துக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 66 நிமிஷம். அதில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வளைந்து வளைந்து போக 40 நிமிஷம். கைக்கு வருவது 26. அதில் வேனிலிருந்து எல்லோரும் இறங்கி மறுபடி ஏறவே பத்து நிமிஷம்.

எழுதியவரைத் திட்டவில்லை. நல்லதும் இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு, எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளவும் என்று ஒரு வரி. காரவள்ளி தாண்டி வேனில் ஏறின எவரும் அந்த வரிக்காகக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஸ்வெட்டர் வேண்டாம் சால்வை போதும் என்கிற வரியும் அனுபவசாலி எழுதியது. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் குறை, மாசம். வயல் பார்க்கப் போகிற பிளானில் பயிர் என்ன, எப்போது நிற்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. நம் வீட்டுக் காலண்டர் பள்ளிக்கூட லீவை வைத்து ஓடுகிறது. மலையின் காலண்டர் மழையை வைத்து ஓடுகிறது. கொல்லிமலையில் சாமை, கேழ்வரகு, தினை எல்லாம் சரிவுகளில் மழையை நம்பி விதைக்கிற பயிர். ஆனி, ஆடி வாக்கில் விதைத்தால் பிறகு மாதக்கணக்கில் நிற்கும். நெல், பள்ளத்தில் ஊற்றும் ஓடையும் பாய்கிற படி வயல்களில். மே மாதம் போனால் பலாப்பழம் கிடைக்கும். அதற்காகவே போகலாம். சாமைக் கதிர் பார்க்க முடியாது. பனாவேயிலும் அதே சங்கதி. ஏப்ரல், மே பச்சை, ஜூலையில் அறுத்து முடித்தால் வெறும் சேறும் தாளும். தப்பான மாசம் போய் ‘போட்டோல இருந்த மாதிரி இல்லையே’ என்று அலுத்துக்கொள்பவர்கள் வயலை சினிமா செட் என்று நினைத்துவிட்டவர்கள்.

இரண்டாவது குறை, ‘(வழியில்)’. பெண்ணுக்கு ஆசை வந்ததே படி வயலைப் பார்த்து. அது பதினோராவது இடம். அதுவும் அடைப்புக்குறிக்குள்! படகு இல்லத்துக்கு அடைப்புக்குறி இல்லை. படகு இல்லத்துக்கு டிக்கெட் உண்டு. டிக்கெட் இருக்கிற இடம்தான் ‘இடம்’ என்பது இந்த இலக்கியத்தின் இலக்கணம்.

மூன்றாவதுதான் பெரிய குறை. பிளான் முழுக்கத் தேடினேன், ஒரு மனுஷன் இல்லை. டிரைவரைத் தவிர. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிற மலை அது. (மலையாளி என்றால் கேரளாக்காரர் இல்லை. மலையை ஆள்கிறவர்.) வல்வில் ஓரி கடையேழு வள்ளல்களில் ஒருவன் என்பது பிளானில் இருக்கிறது. இப்போது அங்கே இருப்பவர்கள் இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்னால் ஒரு ஐப்பசி மாசம் நானும் இப்படி ஒரு பிளானோடு போனேன். ஏற்பாடு செய்தவர்கள் வேனில் எட்டுப் பேர் என்று சொல்லிப் பதினோரு பேரை ஏற்றினார்கள். அறுபதாவது வளைவில் ஒரு பையனுக்கு வாந்தி. வண்டி நின்றது, பிறகு கிளம்ப மறுத்தது. மெக்கானிக் வருகிற வரைக்கும் என்ன செய்வது? மேலே கொஞ்ச தூரம் நடந்தால் ரோட்டோரத்தில் ஒரு வீடு. வாசலில் ஒரு ஆயா சாமையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க சாமி. தண்ணி குடிக்கிறீங்களா?”

உட்கார்ந்தேன். எதிரே சரிவு. அதில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி செடி. ஐந்து விரல் விரித்தமாதிரி இலை.

“அதெல்லாம் என்னங்க ஆயா?”

“குச்சிக் கெழங்குங்க. முன்னெல்லாம் சாமையும் ராகியுந்தான். இப்பக் கெழங்குதான். லாரி ரோட்டுக்கே வந்துருதுல்ல.”

அவர் ஒரு கேள்வி கேட்டார். “உங்க பக்கம் சாமை என்ன வெலைங்க சாமி விக்குது?”

தி.நகர் கடையில் அலங்காரப் பையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்பதைச் சொன்னேன். புடைப்பது நின்றது. என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்வதாக நினைத்தாரா, தான் விற்ற விலையை நினைத்தாரா தெரியவில்லை. மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

அந்தக் கிழங்கு விஷயம் அப்புறம்தான் எனக்கு விளங்கியது. மரவள்ளிக்கிழங்கு கொல்லிமலையிலிருந்து சேலம், நாமக்கல் பக்கத்து மில்லுக்கு இறங்குகிறது. அங்கே ஜவ்வரிசி ஆகிறது. அந்த வியாபாரத்துக்கு 1981 முதல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது மந்தைவெளி மொட்டை மாடியில் மாமி பிழிகிற ஜவ்வரிசி வடாமிலும், அடையாறு கல்யாணப் பந்தியில் ஊற்றுகிற பாயசத்திலும் அந்தச் சரிவுகளின் கிழங்கு இருக்கலாம். நாம் கொல்லிமலைக்குப் போகாமலேயே வருஷக்கணக்காகக் கொல்லிமலையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்!

சாமை ஏன் போயிற்று? குடியானவனை ‘பாரம்பரியத்தை விட்டுட்டாங்க’ என்று நாம் ஏசி ரூமில் உட்கார்ந்து வருத்தப்படுவது சுலபம். கணக்கைப் பாருங்கள். கிழங்கை மில் ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறது. சாமையை அறுத்து, அடித்து, காயவைத்து, உரலில் குத்தி உமி நீக்கினால்தான் சோறு. அந்தக் குத்தல் முழுக்கப் பெண்கள் தலையில். இன்னொரு பக்கம் ரேஷன் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூனிலிருந்து இலவசம். பசி தீர்ந்தது, நல்ல காரியம். அதே சமயம், கை நோகக் குத்திச் சாமைச் சோறு ஆக்க எந்தப் பெண் சம்மதிப்பாள்? என் அம்மா மிக்ஸி வந்ததும் அம்மியை விட்டாள். யாரும் பாரம்பரியம் போச்சு என்று அழவில்லை.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்கள் நம் அடையாறுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1988-ல் தொடங்கியது. தொண்ணூறுகளிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியத்துக்காக உழைத்திருக்கிறார்கள். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று அந்த மக்கள் காத்த ரகங்களுக்கு ஊர் விதை வங்கி. உமி நீக்க ஊரிலேயே மெஷின். விற்பதற்கு மகளிர் குழுக்கள். ‘சாப்பிடுங்கள், சத்து’ என்று உபதேசம் செய்யாமல் குத்துகிற கையின் வலியிலிருந்து ஆரம்பித்தார்கள் பாருங்கள், அதுதான் புத்திசாலித்தனம். ஆனாலும் போன பரப்பெல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. சுவாமிநாதன் 2023 செப்டம்பரில் சென்னையில் காலமானார். அந்த வருஷம்தான் ஐ.நா.வின் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. ஹோட்டல்களில் சாமை பிரியாணி, தினை அல்வா என்று அமர்க்களப்பட்டது. ஆயா வீட்டுச் சரிவில் எவ்வளவு மாறியிருக்குமோ.

“ரெண்டு நாள் லீவுல குழந்தைகளைக் கூட்டிக்கிட்டுப் போறோம். விவசாயப் பாடம் நடத்தச் சொல்றீங்களா?” என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. அருவியில் குளிக்கத்தான் குழந்தைகள் வருகிறார்கள். குளிக்கட்டும். போட்டோவும் எடுக்கட்டும். ‘பொறுப்பான சுற்றுலா’ என்று இன்னொரு ஃபேஷன் வந்து, பழங்குடி வீட்டில் ஒரு வேளை சாமைப் பொங்கல், அதற்கு நூறு செல்ஃபி என்று ஆனால் அது படகு இல்லத்தைவிட மோசம். யார் வீட்டு வாசலிலும் போய் நின்று ‘உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க’ என்று கேட்கச் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த அரை மணி நேரம்கூட வண்டி கெட்டதால் கிடைத்தது. வண்டி நன்றாக ஓடியிருந்தால் அந்த வீடு என் கண்ணாடி ஜன்னலில் இரண்டு செகண்ட்.

நான் கேட்பது சின்னத் திருத்தம். பதினொன்றில் ஏழை அடித்துவிடுங்கள். அருவி, கோயில், சந்தை, வயல். நாலு போதும். மே மாதத்தை விட்டு, காலாண்டு லீவு, ஆயுத பூஜை வாக்கில் போங்கள். ராத்திரி வேனில் கழுத்தைத் தொங்கப்போடாமல் ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்துக்கொண்டு சேலத்தில் இறங்குங்கள். அங்கிருந்து காலை வெளிச்சத்தில் மலை ஏறலாம், எழுபது வளைவும் கண்ணுக்குத் தெரியும். செம்மேட்டில் தங்குங்கள். ஒரு மதியத்துக்கு எதுவும் எழுதாமல் விடுங்கள். அந்த மதியம் வயல் பக்கம் நடக்கலாம். வரப்பில் நடந்தால் வரப்பு இடியாமல் நடக்கவேண்டும் என்று குழந்தைக்குத் தெரிந்தால் போதும். திரும்பும்போது சந்தையில் மிளகு, மலைவாழை, சாமை வாங்குங்கள். பேரம் வேண்டாம்.

நண்பரிடம் சிவப்பு மையில் திருத்திய காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

“எல்லாம் சரி சார். படகு இல்லத்தை மட்டும் விட்டுடுங்க. சின்னவன் அழுவான்.”

விட்டுவிட்டேன். ஐந்து இடம். விமர்சகன் கொஞ்சம் இறங்கி வரலாம், தப்பில்லை. பனாவேயை மகள் காலேஜ் முடித்ததும் அவள் சம்பாத்தியத்தில் பார்த்துக்கொள்ளட்டும், அப்போது படாட்டுக்கு நடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் வீட்டில் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மனைவி கேட்டாள்.

“அந்த ஆயாகிட்ட நீங்க எவ்வளவு சாமை வாங்கினீங்க?”

“அரைக் கிலோ” என்றேன்.

“பேரம் பேசினீங்களா?”

அதற்குள் ஆபீஸிலிருந்து போன் வந்துவிட்டது.